மிரியாமின் தம்புரும் ‘யா’ என்னும் சின்ன நாமமும்

சங்கீதம் 149-ஐ எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். ஒருநாள் மூன்றாம் வசனத்தைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டேன். “அவருடைய நாமத்தை நடனத்தோடே துதித்து” என்று அங்கே இருக்கிறது. ஒரு பெயரைச் சொல்லலாம், பாடலாம், எழுதிச் சுவரில் மாட்டலாம். பெயரை ஆடித் துதிப்பது எப்படி?

இன்று பல சபைகளில் இந்தக் கேள்வி கண்முன்னே நடக்கிறது. ஆராதனை வேளையில் பிள்ளைகள் கொடிகளோடு முன்னால் வருகிறார்கள். ஒரு கொடியில் ‘யேகோவாநிசி’ என்றும் இன்னொன்றில் ‘எல்ஷடாய்’ (சர்வவல்லமையுள்ள தேவன்) என்றும் எழுதியிருக்கிறது. பாட்டுக்கு ஏற்ப கொடிகள் சுழல்கின்றன. பின்வரிசைப் பெரியவர்களில் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. ஆலயத்துக்குள் ஆட்டம் எதற்கு என்று ஒருவர் கேட்கிறார். கர்த்தர் என்று நல்ல தமிழ் வேதாகமத்தில் இருக்கும்போது எபிரெயப் பெயர் எதற்கு என்று இன்னொருவர் கேட்கிறார். இரண்டும் வேறு வேறு கேள்விகள் போலத் தெரியும். வேதத்தில் இந்த இரண்டும் ஒரே இடத்தில் முளைத்தவை என்பது என் எண்ணம். அந்த இடம் யாத்திராகமம் 15-ஆம் அதிகாரம்.

செங்கடலைக் கடந்து வந்தவர்கள் கரையில் நின்று பாடுகிறார்கள். “கர்த்தர் என் பெலனும் என் கீதமுமானவர்” என்று இரண்டாம் வசனம். எபிரெய மூலத்தில் அங்கே இருப்பது ‘யா’ என்ற குறுகிய நாமம். மோசேக்கு முட்செடியில் வெளிப்பட்ட நான்கு மெய்யெழுத்துப் பெயரின் சுருக்கம் அது. வேதாகமத்தில் இந்தச் சுருக்கம் முதன்முதலில் வருவது இந்தப் பாட்டில்தான். அதே அதிகாரத்தின் இருபதாம் வசனத்தில் மிரியாம் கையில் தம்புரை எடுக்கிறாள், “சகல ஸ்திரீகளும் தம்புரோடும் நடனத்தோடும் அவளுக்குப் பின்னே புறப்பட்டுப்போனார்கள்.” வேதத்தில் தேவனுக்கு முன்பாக ஆடப்பட்ட முதல் நடனம் இது. பதினெட்டு வசன இடைவெளியில் அந்தச் செல்லச் சுருக்கமும் முதல் நடனமும். அடிமைகளாக இருந்தவர்கள் விடுதலையான முதல் நாளில் அவருடைய பெயரைச் சுருக்கிக் கூப்பிடும் அளவுக்கு நெருங்கியிருக்கிறார்கள், அவர்களுடைய கால்களும் சும்மா இருக்கவில்லை.

(தம்புரு என்றதும் நம் கச்சேரித் தம்புராவை நினைத்துவிட வேண்டாம். எபிரெயத்தில் ‘தோப்’. கையில் பிடித்துத் தட்டும் தோல் வளையம். கஞ்சிராவின் அக்கா என்று சொல்லலாம்.)

இதே பாட்டின் மூன்றாம் வசனத்தைத் தமிழில் வாசித்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியும்: “கர்த்தர் என்பது அவருடைய நாமம்.” கர்த்தர் என்பது நாமமா? அது ஒரு பட்டம், ‘தலைவர்’ என்பதுபோல. மூலத்தில் அந்த இடத்தில் உண்மையாகவே ஒரு பெயர் இருக்கிறது. எபிரெய வேதாகமத்தில் அந்தப் பெயர் 6,800 தடவைக்கு மேல் வருகிறது. நாம் வாசிக்கும்போது ஏறக்குறைய எல்லா இடத்திலும் அது பட்டத்துக்குப் பின்னால் மறைந்துபோகிறது.

இதற்காகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களைக் குறைசொல்ல முடியாது. இது மிகப் பழைய வழக்கம். யூதர்கள் அந்தப் பெயரின்மேல் வைத்திருந்த பயபக்தியால் வாசிக்கும்போது அதைச் சொல்லாமல் ‘அதோனாய்’, அதாவது ‘என் ஆண்டவர்’ என்று சொன்னார்கள். சாக்கடல் சுருள்களில் ஒரு சங்கீதச் சுருள் இருக்கிறது. அதில் மற்ற எழுத்தெல்லாம் அக்காலத்து எழுத்து, இந்த ஒரு பெயர் மட்டும் பழங்கால எபிரெய எழுத்தில். வாசிக்கிறவர் கண் அங்கே தானாகத் தயங்கி நிற்கும். கிரேக்க மொழிபெயர்ப்பில் அது ‘கூரியோஸ்’ ஆனது, லத்தீனில் ‘தோமினுஸ்’, தமிழில் கத்தோலிக்கருக்கு ‘ஆண்டவர்’, மற்றவர்களுக்கு ‘கர்த்தர்’.

அப்படியானால் ‘யேகோவா’ எங்கிருந்து வந்தது? எபிரெயத்தில் முதலில் மெய்யெழுத்துகளை மட்டுமே எழுதினார்கள். கி.பி. 7 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை திபேரியாவில் உழைத்த மசோரெத்தியர் என்னும் அறிஞர்கள் உயிர்க்குறிகளைச் சேர்த்தார்கள். இந்த நாமத்துக்கு வந்தபோது, ‘அதோனாய் என்று வாசி’ என்று நினைவூட்ட அந்தச் சொல்லின் உயிர்க்குறிகளை இந்த மெய்யெழுத்துகளின்மேல் வைத்தார்கள். பிற்கால ஐரோப்பிய அறிஞர்கள் இரண்டையும் சேர்த்து அப்படியே படித்தபோது பிறந்தது ‘யேகோவா’. ஆங்கிலத்தில் 1530-இல் வில்லியம் டிண்டேல் தன் ஐந்தாகமப் பதிப்பில் அதை அச்சேற்றினார். இன்றைய அறிஞர்களில் பெரும்பாலோர் பழைய உச்சரிப்பு ‘யாவே’ என்பதற்கு அருகில் இருந்திருக்கும் என்கிறார்கள். இதைக் கேட்டு யாரும் கலங்க வேண்டியதில்லை. அந்த வடிவத்தில் நூற்றாண்டுகளாகக் கோடிக்கணக்கானோர் கண்ணீரோடு ஜெபித்திருக்கிறார்கள். ஆனால் ‘இப்படி உச்சரித்தால்தான் ஜெபம் கேட்கப்படும்’ என்று யாராவது மேடையில் சொன்னால், அந்தப் பேச்சுக்கு அடிப்படை இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள இந்த வரலாறு உதவும்.

சரி, இந்தப் பெயர் என்ன சொல்கிறது? முட்செடியின் முன் மோசே கேட்டபோது கிடைத்த பதில், “இருக்கிறவராக இருக்கிறேன்.” இது பெயர்ச்சொல்லில் சொல்லப்பட்ட பதிலாக இல்லை. ‘இரு’ என்னும் வினையில் சொல்லப்பட்டது. எபிரெய இலக்கணத்தில் ‘இருப்பேன்’ என்றும் அதை எடுக்கலாம்: உன்னோடு இருப்பேன், எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருப்பேன். ஒரு வினைச்சொல்லைப் பெயராகக் கொண்டவரைச் சிலையாக நிறுத்த முடியாது. இந்தப் பெயருக்கும் நடனத்துக்கும் இயல்பாகவே ஒத்துப்போகிறது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

கொடிகளில் எழுதப்படும் கூட்டுப் பெயர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ‘யேகோவாயீரே’ தேவனுடைய பட்டியலில் உள்ள ஒரு பட்டம் என்று நினைக்கிறோம். ஆதியாகமம் 22-ஐத் திறந்தால், அது ஆபிரகாம் ஒரு மலைக்கு வைத்த பெயர். ‘யேகோவாநிசி’ (கர்த்தர் என் கொடி) மோசே கட்டிய பலிபீடத்தின் பெயர். ‘யேகோவா ஷாலோம்’ (கர்த்தர் சமாதானம்) கிதியோன் ஓப்ராவில் கட்டிய பலிபீடத்தின் பெயர். ‘யேகோவா ஷம்மா’ (கர்த்தர் அங்கே இருக்கிறார்) எசேக்கியேல் தரிசனத்தில் கண்ட நகரத்தின் பெயர். அவன் புஸ்தகத்தின் கடைசி வார்த்தையும் அதுவே. ஏதோ நடந்தது, நடந்த இடத்தில் நின்று ஒரு மனிதன் அந்த இடத்துக்குப் பெயர் வைத்தான். கல்லில் வைத்த சாட்சி அது.

யீரே என்பதற்குத் தமிழ் வேதாகமம் தரும் சொல்லை நினைத்து நான் பலமுறை சந்தோஷப்பட்டிருக்கிறேன். எபிரெயத்தில் ‘யிர்எ’ என்றால் நேர்ப்பொருள் ‘பார்ப்பார்’. ஆனால் அந்த இடத்தில் ‘தேவையானதைக் கொடுப்பார்’ என்ற பொருளும் வேண்டும். ஆங்கிலத்தில் ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும். தமிழில் “பார்த்துக்கொள்ளப்படும்” என்று வைத்துவிட்டார்கள். ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று நம் வீட்டுப் பாட்டிமார் மருத்துவமனை வாசலில் சொல்வது ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை அந்த மலையின் பெயர்தான். அவர்களுக்கு எபிரெயம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

நிசியில் உடல் இன்னும் நேரடியாக வருகிறது. ‘நேஸ்’ என்றால் உயர்த்தி நாட்டிய கம்பம், கொடிக்கம்பம். அமலேக்கோடு யுத்தம் நடக்கும்போது மோசே மலையுச்சியில் கையை ஏறெடுத்து நிற்கிறான். கை தாழ்ந்தால் தோல்வி, உயர்ந்தால் ஜெயம். கை அசந்துபோகிறது. ஒரு கல்லைப் போட்டு உட்காரவைத்து, ஆரோன் ஒருபக்கமும் ஊர் ஒருபக்கமும் பிடித்துக்கொள்கிறார்கள், சூரியன் அஸ்தமிக்கும் வரை. அந்தக் கதையில் துணிக்கொடி ஒன்றும் இல்லை. உயர்ந்த கைகளே கம்பம். ஆராதனையில் நிசி கொடியைச் சுழற்றும் பிள்ளைக்கு இதை யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால், அவள் கை சோர்ந்து தாழும்போது பக்கத்தில் இரண்டு பேர் வந்து பிடிப்பதாக அந்த நடனத்தை அமைத்திருப்பாள் என்று தோன்றும்.

நடனத்துக்கு எபிரெயத்தில் உள்ள சொற்களும் இப்படித்தான், ஒவ்வொன்றும் ஓர் அசைவு. ‘மகோல்’ என்பது ‘ஹூல்’ என்ற வேரிலிருந்து வருகிறது. சுழல்வது, துடிப்பது, முறுக்கிக்கொள்வது என்று பொருள். பிரசவ வேதனைக்கும் அதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். சங்கீதம் 30-இல் “என் புலம்பலை ஆனந்தக்களிப்பாக மாறப்பண்ணினீர்” என்று நாம் வாசிக்கும் இடத்தில் மூலத்தில் இருப்பது மகோல்: என் புலம்பலை நடனமாக மாற்றினீர். ஆனந்தக்களிப்பு அழகான சொல்தான், ஆனால் ஆட்டம் உள்ளத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. எபிரெயன் மார்பில் அடித்துப் புலம்பினவன். அதே உடம்பு ஆடுகிறது என்பதே அந்த வசனத்தின் வேகம்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே தேவை. ஆராதனைப் பயிற்சி வகுப்புகளில் ‘ஹலால் என்றால் பைத்தியம்போல ஆடித் துதிப்பது’ என்று அடிக்கடி போதிக்கப்படுகிறது. துதிப்பதற்கான வினையும் பைத்தியம்போல நடப்பதற்கான வினையும் எழுத்தில் ஒன்றுபோல இருக்கின்றன, உண்மை. அகராதிகள் அவற்றைத் தனித்தனி வேர்களாகப் பிரிக்கின்றன. தமிழில் ‘படி’ என்ற எழுத்துக்கோவையில் மாடிப்படியும் பாடம் படிப்பதும் இருப்பதால் ஒன்றை வைத்து மற்றொன்றுக்கு விளக்கம் சொல்ல முடியுமா? நடனத்துக்கு வேதத்தில் நேரான வசனங்களே போதுமான அளவு உண்டு. இல்லாத ஆதாரத்தைச் சேர்த்தால் இருக்கிற ஆதாரத்தின் மதிப்பும் குறைகிறது.

தாவீதின் நடனத்தை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2 சாமுவேல் 6. ஆசாரியர் உடையாகிய சணல்நூல் ஏபோத்தைக் கட்டிக்கொண்டு “தன் முழுப் பலத்தோடும் கர்த்தருக்கு முன்பாக நடனம்பண்ணினான்.” ஆனால் அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தை யாரும் சேர்த்து வாசிப்பதில்லை. அவன் கொண்டுவந்த உடன்படிக்கைப் பெட்டி, சேனைகளின் கர்த்தருடைய நாமம் தரிக்கப்பட்ட பெட்டி. எபிரெயத்தில் அந்த இடத்தில் ‘நாமம்’ என்ற சொல் இருமுறை அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கிறது. ஆடி முடித்தபின் பதினெட்டாம் வசனத்தில் தாவீது ஜனங்களை ஆசீர்வதிப்பதும் அதே நாமத்தில். நாமத்துக்கு முன்னால் ஆடினான், நாமத்தால் ஆசீர்வதித்தான். அந்த ஊர்வலம் முதல்தடவை பெட்டியைத் தொட்ட ஊசாவின் மரணத்தில் முடிந்து, மூன்று மாதம் பெட்டி ஓபேத்ஏதோமின் வீட்டில் இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. பயம் தெரிந்தவனுடைய ஆட்டம் அது. ஜன்னலிலிருந்து பார்த்த அவன் மனைவி மீகாளுக்கு அது தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி வேதத்துக்கு வெளியே, கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூத நூலான மிஷ்னாவில் இருக்கிறது. பாவநிவாரண நாளில் எருசலேம் தேவாலயத்தில் பிரதான ஆசாரியர் அந்த நாமத்தை வாய்விட்டு உச்சரிப்பார். பிராகாரத்தில் நின்ற ஆசாரியரும் ஜனமும் அதைக் கேட்டதும் முழங்காலிட்டு முகங்குப்புற விழுவார்கள். இது ஒரு பகுதியில். இன்னொரு பகுதியில், அதே பாவநிவாரண நாளில் எருசலேமின் குமாரத்திகள் வெள்ளை உடுத்தித் திராட்சத் தோட்டங்களில் போய் ஆடுவார்கள் என்று இருக்கிறது. அந்த உடைகள் இரவல் உடைகள். இல்லாதவள் வெட்கப்படக்கூடாது என்பதற்காக எல்லாரும் இரவல் வாங்கியே உடுத்த வேண்டும். காலையில் நாமத்தைக் கேட்டு விழுந்த ஜனம், அதே நாளில் ஆடுகிறது. விழுவதும் ஆடுவதும் அவர்களுக்கு எதிரெதிரானவையாக இருக்கவில்லை.

கி.பி. 70-இல் ஆலயம் இடிந்தது. நாமத்தை உச்சரிக்கும் அந்த வழிபாடும் நின்றது.

கிறிஸ்தவ சபை கிரேக்க, ரோம நகரங்களில் வளர்ந்தது. அங்கே நடனம் என்றால் கூத்தரங்கமும் குடிவிருந்தும். ஆகவே ஆதிச்சபைப் பிதாக்கள் கடுமையாகப் பேசினார்கள். ஏரோதியாளின் மகள் ஆடியதைப் பற்றிய பிரசங்கத்தில், நடனம் இருக்கும் இடத்தில் பிசாசு இருக்கிறான் என்றார் யோவான் கிறிசொஸ்தோம். நான்காம் நூற்றாண்டின் லவோதிக்கேயா சங்கம் திருமண வீடுகளில்கூடக் கிறிஸ்தவர்கள் ஆடக்கூடாது என்றது. 589-இல் தொலேதோ சங்கம் பரிசுத்தவான்களின் திருநாட்களில் ஆடுவதைத் தடுத்தது. தடை திரும்பத் திரும்ப வந்தது என்றால் ஆட்டமும் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்பெயினில் செவில் பேராலயத்தில் சிறுவர்கள் நற்கருணைக்கு முன்பாக ஆடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இருந்தாலும் மேற்கத்திய வழிபாட்டின் பெரும்பகுதியில் நாமம் பட்டத்துக்குள் போனதுபோல, நடனம் நின்று பாடுவதற்குள் அடங்கிப்போனது.

அடங்காத ஒரு சபை எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை. ஜனவரி 19-ஐ ஒட்டி வரும் திம்கத் திருவிழாவில் ஒவ்வொரு ஆலயத்திலிருந்தும் உடன்படிக்கைப் பலகைகளின் அடையாளமான ‘தாபோத்’ பட்டுத்துணியில் மூடப்பட்டு ஆசாரியர் தலைமேல் வருகிறது. அதன்முன் தெப்தெரா எனப்படும் பாடகர்கள் கையில் ஜெபக்கோலும் சிலம்புபோல ஒலிக்கும் கிலுக்கும் வைத்துக்கொண்டு, பெரிய முரசின் தாளத்தில் மெதுவாக அசைந்து ஆடுகிறார்கள். குதிப்பு அதிகம் இல்லை. கனமான, வயதான நடனம். தாவீது பெட்டிக்கு முன் ஆடியதன் தொடர்ச்சியாகவே அவர்கள் அதைப் பார்க்கிறார்கள். 2019-இல் யுனெஸ்கோ இந்த விழாவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் சேர்த்தது. ஆராதனை நடனம் நேற்று வந்த புதுமை என்று சொல்கிறவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

மற்ற சபைகளில் திருப்பம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் தொடங்கிய எழுப்புதலுக்குப் பிறகு பெந்தெகொஸ்தே சபைகளில் ‘ஆவியில் நிறைந்து ஆடுவது’ சாதாரணமானது. அதற்குப் பயிற்சி கிடையாது, யாரும் அமைப்பதில்லை. 1960-களுக்குப் பிறகான கரிஸ்மாட்டிக் அலையில்தான் பயிற்சி பெற்ற, பாட்டுக்கு அமைத்த நடனமும் கொடிகளும் பரவின. 1980 முதல் எருசலேமில் கிறிஸ்தவர்கள் கூடிக் கொண்டாடும் கூடாரப் பண்டிகை இதற்கு ஒரு பெரிய வாசலாக இருந்தது. அங்கே போய்வந்தவர்கள் வட்ட நடனத்தையும் எபிரெயப் பெயர்களையும் சேர்த்தே ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

நம் பக்கத்தில் இதற்கு வேறொரு வேரும் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சி என்னும் ஆடற்கூத்து வடிவத்தை எடுத்து பெத்லகேம் குறவஞ்சி பாடினார். திருச்சியில் 1977-இல் தொடங்கிய கலைக்காவிரி என்னும் கலை நிறுவனம் பரதத்தில் விவிலியக் கதைகளை ஆடிக்காட்டியது. பரதக் கலைஞர் பிரான்சிஸ் பார்போசா, பிதா, குமாரன், பரிசுத்த ஆவிக்குப் பரதத்தின் இலக்கணத்துக்குள்ளேயே புதிய முத்திரைகளை உருவாக்கினார். ஒரு நாமத்தைக் கையால் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு நம்மிடம் ஏற்கனவே ஒரு மொழி இருக்கிறது என்பதை அவர் காட்டினார். எபிரெயச் சொல் எழுதிய கொடியைவிட அந்த முத்திரை நமக்கு அருகில் இருப்பதாக நான் உணர்கிறேன். நாம் கும்மியடித்து வளர்ந்தவர்கள். மிரியாமின் வட்டம் நமக்கு அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

எதிர்ப்புகளை லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. 2008 ஜூன் 29 தேதியிட்ட கடிதத்தில் வத்திக்கான், அந்த நான்கெழுத்து நாமத்தை வழிபாட்டிலும் பாடல்களிலும் உச்சரிக்க வேண்டாம் என்று ஆயர்களுக்கு எழுதியது. யூத மரபுக்கும் ஆதிச்சபையின் வழக்கத்துக்கும் தரும் மரியாதை என்பது அதன் காரணம். எனக்கு அந்தக் காரணம் புரிகிறது. ஒரு யூதர் அருகில் உட்கார்ந்திருந்தால் நான் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லமாட்டேன். நடனத்தைப் பற்றி 1975-இல் வந்த வத்திக்கான் குறிப்பு மேற்கத்திய வழிபாட்டுக்குள் அதைக் கொண்டுவருவதை ஏற்கவில்லை. ஆனால் 1988-இல் அங்கீகரிக்கப்பட்ட சயீர் (இன்றைய காங்கோ) வழிபாட்டு முறையில் பீடத்தைச் சுற்றி ஆடுவதற்கு இடம் கிடைத்தது. ஒரு ஜனத்தின் உடலில் நடனம் ஏற்கனவே ஜெபமாக இருக்கிறதா என்பதைப் பார்த்தே முடிவு செய்தார்கள். நியாயமான அளவுகோல்.

எல்லாவற்றையும்விடக் கனமான எதிர்ப்பு வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. யாத்திராகமம் 32. பொன்னால் வார்த்த கன்றுக்குட்டியின் முன் ஜனங்கள் ஆடுகிறார்கள். மிரியாமின் நடனத்துக்குச் சொன்ன அதே ‘மகோல்’தான் அங்கேயும். அதைவிடத் திடுக்கிட வைப்பது ஐந்தாம் வசனம்: “நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை” என்று ஆரோன் கூறுகிறான். அதே நான்கெழுத்து நாமம். சரியான பெயர், சரியான நடனச்சொல், சில மாதங்களுக்கு முன் கடற்கரையில் ஆடிய அதே கால்கள். கன்றுக்குட்டியை நடுவில் வைத்தும் இவ்வளவையும் செய்யமுடியும்.

அதனால்தான் நடனக் குழுவில் இருக்கும் பிள்ளைகளிடம் நான் எப்போதும் ஒன்றைக் கேட்பேன்: உன் கொடியில் இருக்கும் பெயர் எந்த ஊரில், யாருக்கு, என்ன நடந்தபோது வந்தது? பதில் தெரிந்த பிள்ளையின் ஆட்டம் அடுத்த வாரம் மாறியிருக்கும். கிதியோன் மீதியானியருக்குப் பயந்து ஆலைக்குள் ஒளிந்து கோதுமை போரடித்தவன் என்று தெரிந்தவள் ‘ஷாலோம்’ பாட்டுக்குச் சிரித்த முகத்தோடு தொடங்கமாட்டாள், குனிந்து ஒடுங்கித் தொடங்குவாள்.

யாத்திராகமம் 15 நடனத்தோடு முடியவில்லை. தம்புரைக் கீழே வைத்தபின் அவர்கள் சூர் வனாந்தரத்தில் மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் நடக்கிறார்கள். மாராவில் கிடைத்த தண்ணீர் வாயில் வைக்க முடியாத கசப்பு. முறுமுறுக்கிறார்கள். ஒரு மரம் தண்ணீரில் போடப்படுகிறது, தண்ணீர் மதுரமாகிறது. அப்புறம் அடுத்த நாமம் வருகிறது: “நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்.” கடற்கரையில் ஆடியபோது அது அவர்களுக்குத் தெரியாது. வெடித்த உதடுகளோடு குனிந்து அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களில் மிரியாமும் இருந்தாள்.